அடுத்த கடற்கரையில் இருப்பார்

என் மகள் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன பையனின் போட்டோவை நான் பார்க்கவில்லை. போனில் வந்தது, வந்த வேகத்தில் மூடிவிட்டேன். பையன் மூக்கும் முழியுமாக இருந்து தொலைத்தால் பாதிச் சம்மதம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு ஒரு கணக்கு. என் வீட்டுக்காரர் மட்டும் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

மகள் பிசியோதெரபிஸ்ட். அலைச்சறுக்குக்குப் பேர்போன அந்தக் கடலோர ஊரில் ஒரு சின்ன கிளினிக்கில், யாரோ பிரசவ விடுப்பில் போன இடத்துக்குத் தற்காலிகமாகப் போனாள். விடுப்பில் போனவள் திரும்பி வந்துவிட்டாள். அந்தக் குழந்தை நடக்கக்கூட ஆரம்பித்துவிட்டது. இவள் திரும்பி வரவில்லை. அந்த ஊரில் தோள்பட்டை இறங்காத ஆளே கிடையாதாம், வேலைக்குப் பஞ்சமே இல்லையாம். அப்புறம்தான் மெதுவாக இந்தப் பையனைப் பற்றிச் சொன்னாள். என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டேன். அலையில் மோதி உடைந்த சர்ஃபிங் பலகைகளை ஒட்டிக் கொடுக்கிறான் என்றாள். சொந்தக்காரர்கள் கேட்டபோது, கடல் சம்பந்தப்பட்ட பொறியியல் என்று சொல்லி வைத்தேன்.

ஆனால் நான் சும்மா இருக்கிற ஆளில்லை. எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் என் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறான். அவனைப் பிடித்து மகளுக்கு ஒரு வேலையைத் தயாராக வைத்தேன். அவள் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வைக்க வேண்டுமே? அதற்கு அவளிடம், அப்பாவுக்கு இடது முட்டி போய்விட்டது என்றேன். மாடிப்படி ஏற முடியவில்லை, கட்டிலை விட்டு எழுந்திருக்கவே ஆள் வேண்டியிருக்கிறது, பிசியோதெரபி படித்த பெண் இருந்தும் என்ன பிரயோஜனம் என்று போனில் மூக்கை உறிஞ்சினேன். நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது இடது முட்டிக்குச் சொந்தக்காரர் ஸ்டூல் மேல் ஏறி நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். நானோ குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் காலம் முழுக்க உட்கார்ந்தவள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களில் யார் நிஜம், யார் கயிறு திரிக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். என்னிடம் எவனும் காதில் பூச்சுற்ற முடியாது. இந்த விஷயத்தை இங்கேயே சொல்லி வைப்பது நல்லது.

பையனை நேரில் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மகளைக் கையோடு கூட்டி வருவது என்று நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். அதாவது நான் தீர்மானித்தேன், அவர் பெட்டியைத் தூக்கினார். மகளுக்கு மதியம் வரை நோயாளிகள். அதனால் நேராக அவனுடைய கடைக்குப் போய்விடும்படியும், அவனோடு இருந்து பேசிவிட்டு அப்புறம் கிளினிக்குக்கு வரும்படியும் சொல்லியிருந்தாள். "பேசிப் பாரும்மா. அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்," என்றாள். என்னிடம் அவள் அபிப்பிராயம் கேட்டு எவ்வளவோ வருஷமாகிறது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வேண்டாம் என்று சொல்ல அது இன்னும் வசதியாக இருந்தது.

பஸ்ஸில் என் வீட்டுக்காரருக்குப் பாடம் நடத்தினேன். மகள் முன்னால் காலை இழுத்து நடக்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒத்திகை பார்த்தார், நன்றாகவே நொண்டினார். வலது காலில். "இடதுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த ஊரை என்னவென்று சொல்ல! கடைகள் எல்லாம் வர்ணமடிக்க மறந்த மரத்தால் கட்டியிருந்தார்கள். மறக்கவில்லையாம், அதுதான் அழகாம். பிடியில்லாத கோப்பையில் காபி கொடுத்துவிட்டு, சூடு, பார்த்துப் பிடியுங்கள் என்கிறார்கள். நம் வீட்டில் துடைக்கப் போடுகிற மாதிரியான கால்சட்டையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டி விளக்குப் போட்டிருந்தார்கள். தெருவில் போகிறவர்களில் பாதிப் பேர் காலில் செருப்பில்லை, மீதிப் பேர் மேலில் சட்டையில்லை. இது போதாதென்று பாதிக் கடைகள் பூட்டியிருந்தன. முடி வெட்டுகிற கடை, மருந்துக்கடை, பல் டாக்டர் எல்லார் கதவிலும் ஒரே வாசகம்: அலை நன்றாக இருக்கிறது, பிறகு வரவும். பல் வலியோடு வந்தவன் கதி என்ன ஆகும் என்று யோசித்தேன். அவனும் அலைக்குத்தான் போயிருப்பான்.

பலகை ஒட்டுகிறவன் கடையிலும் அதே வாசகம் தொங்கியது. தகரக் கொட்டகை, கதவு திறந்தே கிடந்தது. மூக்கு உடைந்த பலகைகளும் வால் உடைந்த பலகைகளும் உத்தரத்திலிருந்து தொங்கின. பசை நெடி கண்ணைக் கரித்தது. தேய்த்த தூள் எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. மேஜையில் பாதி குடித்த தேநீர். நான் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தும் கம்பி நீட்டிவிட்டான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், காரியம் இவ்வளவு சுலபமாக முடிகிறதே என்று குளிர்ந்து போனேன்.

ஆனாலும் நேரில் பார்க்காமல் வேண்டாம் என்றால் மகள் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆளைத் தேடிப் பிடிப்பது என்று கிளம்பினோம். வெயிலுக்கு எனக்கு ஒரு அகலத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கினோம். கண்ணாடி மூக்கில் சரியாக உட்காரவில்லை என்று என் வீட்டுக்காரர் கடைக்காரனுக்கு ஒரு வகுப்பு எடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

முதல் கடற்கரை கற்றுக்குட்டிகளுக்கானது. பெரிய பெரிய ஆட்கள் வரிசையாக மணலில் பலகையைப் போட்டு அதன் மேல் குப்புறப் படுத்து, கையால் மணலை அள்ளி நீச்சல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு வாத்தியார், விசில் வேறு. கடல் பக்கத்திலேயே இருந்தது, யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. பலகை ஒட்டுகிறவன் இருக்கிறானா என்று வாத்தியாரிடம் கேட்டேன். இந்தப் பக்கமே வரவில்லை, அடுத்த கடற்கரையில் இருப்பார் என்றார். என் வீட்டுக்காரரைக் காணோம். அவர் வரிசையின் கடைசியில் நின்று கையை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவதற்குப் பெயர் ரகசியக் கடற்கரை. பிரதான சாலையிலிருந்தே அம்புக்குறி போட்ட பலகைகள் வழி காட்டின. வண்டி நிறுத்த பெரிய மைதானம். உள்ளே, கடலைப் பார்த்துத் தன்னந்தனியாக நிற்பது போலப் படம் எடுத்துக்கொள்ள ஒரு பாறை இருந்தது. அதற்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். முறை வந்தவர் ஏறி நின்று, தனிமையில் வாடுவது போல் முகத்தை வைத்துக்கொள்வார். பின்னால் இருப்பவர்கள் சீக்கிரம் வாடும்படி அவசரப்படுத்துவார்கள்.

கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளைத் தாடிக்காரர் தன் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். அவர் தலை நிமிராமல், "இங்க ஒண்ணும் இல்லீங்க. தண்ணி செத்துக் கெடக்கு. அடியில பூரா பாறை, ஜெல்லி மீன் வேற. அடுத்த கடற்கரைக்குப் போங்க," என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் வீட்டு உயரத்துக்கு அலை எழும்பி, அதன் மேல் இருபது பேர் ஆனந்தமாக வழுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஆளைத்தான் கேட்டேன், அலையைக் கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவரும் அடுத்த கடற்கரையில்தான் இருப்பார் என்றார்.

பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன், அது அந்த ஊரின் பழக்கம். நல்ல அலை இருக்கிற இடத்தை வெளியாட்களுக்குச் சொல்லிவிட்டால் கூட்டம் சேர்ந்துவிடும். அதனால் தெரியாத முகம் எதைக் கேட்டாலும், வாய் தானாக இங்கே இல்லை, அடுத்த கடற்கரை என்று சொல்லிவிடும். கழிப்பறை எங்கே என்று கேட்டாலும் அதே பதில்தான். பாவம், எத்தனை பேர் அவஸ்தைப்பட்டார்களோ.

மூன்றாவது கடற்கரைக்குப் படிகள் இறங்கிப் போக வேண்டும். கடலிலிருந்து ஒருவன் பலகையோடு ஏறி வந்தான். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு ரப்பர் சட்டை, தலையிலிருந்து தண்ணீர் ஒழுக, கண் சிவந்து கிடந்தது. பலகை ஒட்டுகிற கடைக்காரன் இங்கே இருக்கிறானா என்று அவனிடம் கேட்டேன்.

"இல்லீங்களே. அடுத்த கடற்கரையில இருப்பாரு," என்றான்.

உங்களிடம் மறைப்பானேன், அவன்தான் அவன். மகளிடம் அவன் பார்த்திருந்த என் போட்டோ பழையது, அதில் தொப்பியும் இல்லை, கறுப்புக் கண்ணாடியும் இல்லை. உப்புத் தண்ணீர் வழிகிற கண்ணுக்கு நான் அலையை மோப்பம் பிடித்து வந்த இன்னொரு வெளியாளாகத் தெரிந்திருக்கிறேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. நான் அத்தோடு விட்டேனா?

"நாங்க அவனுக்குப் பொண்ணு குடுக்கறதா வேண்டாமான்னு பாக்க வந்திருக்கோம். ஆளைப் பாரு, கடையைப் போட்டுட்டு ஓடிட்டான்," என்றேன்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டான் போல என்று நினைத்தேன். என் புகார்ப் பிரிவு அனுபவம் அவ்வளவுதான் கண்டுபிடித்தது. அந்த இடத்திலேயே நான்தான் அது என்று சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். சொல்ல வாயெடுத்தானாம், அதற்குள் நான் அவனைப் பற்றி அடுத்த வாக்கியத்தையும் அதற்கடுத்ததையும் சொல்லி முடித்துவிட்டேனாம். அதற்கப்புறம் நுழைய இடமே கிடைக்கவில்லை என்று பிற்பாடு சொன்னான். இருக்கும்.

அடுத்த கடற்கரைக்குப் போகிற வழி முழுக்கப் பாறை, நானும் கூட வருகிறேன் என்றான். என் கைப்பையை வாங்கிக்கொண்டான். என் செருப்பு வழுக்கும் என்று படியோரம் விட்டிருந்த தன் ரப்பர் செருப்பை எனக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தான். தண்ணீரில் இருந்தவர்கள் எல்லாரும், இப்படிப்பட்ட அலையை விட்டுவிட்டு இவன் எங்கே போகிறான் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இப்படியாக, மாப்பிள்ளையைத் தேடி நாங்கள் மூன்று பேர் போனோம், மாப்பிள்ளை உட்பட.

வழியில் நான் விசாரணையை ஆரம்பித்தேன். அந்தப் பலகைக்காரன் ஆள் எப்படி என்றேன். பரவாயில்லை என்றான். குடிப்பானா? எப்போதாவது. கடன்? கிடையாது. கோபம்? கொஞ்சம் குறைவுதான். பொய் சொல்வானா என்று கேட்டதற்கு அவன் ரொம்ப நேரம் யோசித்தான்.

"அலை விஷயத்துல மட்டும் சொல்லுவாருன்னு நினைக்கிறேன்மா. ஆனா ஒரு பொய் சொல்லிட்டா அதுலேர்ந்து வெளியே வரத் தெரியாது அவருக்கு," என்றான்.

எதிரே நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெண் இவனைப் பார்த்ததும் நின்று, என்னடா இன்னைக்கு உன்னைப் பார்க்க யாரோ என்று ஆரம்பித்தாள். இவனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. பக்கத்தில் வந்த என் வீட்டுக்காரருக்கும் இருமல் வந்தது. கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் அவர் காதைத் துண்டால் மூடினேன். மனிதர் போட்டோவைப் பார்த்தவர் இல்லையா? காலமெல்லாம் மூக்குகளுக்குக் கண்ணாடி மாட்டியவர். படியில் ஏறி வந்தவன் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்ட மாத்திரத்திலேயே அந்த மூக்கை அடையாளம் கண்டுகொண்டாராம். ஏன் சொல்லவில்லை என்று அப்புறம் சண்டை போட்டேன். நீ சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தாய், கலைப்பானேன் என்றார்.

சந்தோஷமாகத்தான் பேசினேன், அதை எங்கே போய்ச் சொல்வது. நான்காவது கடற்கரை ஆளரவம் இல்லாமல், கூழாங்கல்லும் தெளிந்த தண்ணீருமாக இருந்தது. அங்கேயும் அவன் இல்லை, எப்படி இருப்பான்? என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை பலகையில் ஏறிப் பார்க்கிறேன் என்று குழந்தை மாதிரி நின்றார். அவன் முட்டியளவு தண்ணீரில் அவரைப் பலகையில் படுக்க வைத்து, எப்படிக் கை போடுவது, எங்கே கால் வைப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். இரண்டு தடவை தள்ளிவிட்டான். அப்புறம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இவர் அவனை அனுப்பிவிட்டார். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் என்னிடம் பேசிக்கொண்டிருந்தான்.

எனக்கு ஆதங்கம் தாங்கவில்லை. இதே ஊரில் இப்படி ஒருத்தன் இருக்க, என் மகள் போயும் போயும் அந்த ஓடுகாலியைப் பிடித்தாளே என்றேன். பெற்றவர்கள் வருகிறார்கள் என்றால் கடையில் இருக்க வேண்டாமா என்றேன். தப்புதான்மா என்று தலையைக் குனிந்துகொண்டான். அடுத்தவன் தப்புக்கு இவ்வளவு வருத்தப்படுகிறானே என்று எனக்கு இன்னும் பிடித்துப் போயிற்று. ஆளைப் பிடித்துவிட்டால் என் வாய் நிற்காது. கவலைப்படாதே, காரியம் முடிந்த மாதிரிதான், மகள் எங்களோடு வந்துவிடுவாள் என்று சொன்னேன். ஆஸ்பத்திரி வேலையைச் சொன்னேன். முட்டியையும் சொன்னேன்.

அவன் தண்ணீரில் துள்ளிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்ப அந்த முட்டி வலி..." என்று இழுத்தான்.

"நான் குடுத்ததுதான்," என்றேன் பெருமையாக.

அவன் ஒரு கூழாங்கல்லை எடுத்து இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தான். அப்புறம், உங்கள் மகள் இங்கே சந்தோஷமாக இருக்கிறாளா என்று நீங்கள் அவளைக் கேட்டதுண்டா என்றான். கேட்டால் இருக்கிறேன் என்பாள், அதனால் கேட்கவில்லை என்றேன். எனக்கு அது ரொம்பச் சாமர்த்தியமான பதிலாகத்தான் தோன்றியது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் பலகையில் எழுந்து நின்றார். நிஜமாகவே நின்றார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பாதத்தை நனைக்கிற அளவு ஒரு சோப்ளாங்கி அலை வந்தது, அதற்கே தடாலென்று சாய்ந்து அங்கிருந்த ஒரே பெரிய கல்லில் முட்டியை இடித்துக்கொண்டார். நான் எழுந்திருப்பதற்குள் ரப்பர் சட்டைக்காரன் ஓடிப்போய் அவரைத் தூக்கி உட்கார வைத்திருந்தான். முட்டி வீங்க ஆரம்பித்தது. எந்த முட்டி என்று பார்த்தேன். இடது.

கிளினிக் வரை அவன் தோளில் சாய்ந்துதான் வந்தார். முகப்பு அறையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று கொக்கியில் தொங்கியது, மூலையில் பெரிய பெரிய ரப்பர் பந்துகள் கிடந்தன. மகள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே, மூணு பேரும் ஒண்ணாவே வந்துட்டீங்க. அம்மா, இவனை எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். காலையிலிருந்து நான் யாரிடம் யாரைத் திட்டினேன், யாரிடம் எதை உளறினேன் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ரகசியக் கடற்கரைக்கு ஊரெல்லாம் பலகை வைத்த மாதிரி, என் ரகசியத்தை நானே கூட்டிக்கொண்டு போய் அவன் மடியில் வைத்திருக்கிறேன்.

மகள் அதற்குள் அப்பாவின் முட்டியைப் பார்த்துவிட்டாள். மண்டியிட்டு இரண்டு கையாலும் அதைத் தொட்டாள். இவ்வளவு மோசமாக இருக்கும் என்று நினைக்கவில்லை, நான்தான் அசட்டையாக இருந்துவிட்டேன் என்றாள். பிறகு நிமிராமலே சொன்னாள். ஆஸ்பத்திரியில் பேசிவிட்டாளாம். வேலைக்கு வருகிறேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டாளாம். அப்பாவை இப்படி விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்து அந்நியர்களின் தோளைப் பிடித்துவிட அவளால் முடியாதாம்.

"கல்யாணத்தைப் பத்தி அப்புறமா பேசிக்கலாம்," என்று அவனிடம் சொன்னாள். "சாயங்காலம் உன்கிட்ட தனியா சொல்லணும்னு இருந்தேன்."

அப்புறமா என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். கடல் இல்லாத எங்கள் ஊரில் அவன் எந்தப் பலகையை ஒட்டுவான்? அவன் சரி என்று மட்டும் சொன்னான். இந்தக் காலோடு அப்பா எப்படி நடந்து வந்தார் என்று அவள் கேட்டதற்கு, பாதையில் ரொம்பச் சிரமப்பட்டார், தாங்கிப் பிடித்துத்தான் கூட்டி வந்தேன் என்றான். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் கைப்பையைத் தன் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் ஜெயித்துவிட்டேன். வந்த காரியம் வந்த இடத்திலேயே, நான் வாயைத் திறக்காமலே முடிந்துவிட்டது. முட்டி வேறு சாட்சிக்கு வீங்கி நிற்கிறது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மகள் ஒரு துவாலையை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள். மறுபடியும் மடித்தாள். அழுகையை அடக்க வேண்டியிருந்தால் அவள் கைக்கு ஏதாவது மடிக்க வேண்டும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவனை வெறுக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்று அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தேன். என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூடப் போதும், அதையே பிடித்துக்கொண்டிருப்பேன். பாவி, அதையும் கொடுக்கவில்லை.

"அப்பா முட்டிக்கு ஒண்ணும் இல்ல," என்றேன்.

"அம்மா, வீங்கிக் கெடக்கு."

"அது இன்னைக்கு வந்தது. நான் போன்ல சொன்னது பொய். உன்னை வரவைக்கறதுக்காகச் சொன்னேன்."

துவாலை நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர், தான் அலையில் எழுந்து நின்றதை முதலில் சொன்னார், விழுந்ததை அப்புறம் சொன்னார். காலையில் படியெல்லாம் நன்றாகத்தான் இறங்கினேன் என்றும் சேர்த்துக்கொண்டார். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"உங்க அம்மா பொய் சொல்றாங்கன்னு நான் சொல்றதா? நானே யாருன்னு அவங்ககிட்ட சொல்லாம காலையிலேர்ந்து சுத்திட்டு இருக்கேன்," என்றான். அப்புறம் அந்தக் கதையையும் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

கத்தியிருந்தால் பரவாயில்லை. அவள் கத்தவில்லை. அப்பாவுக்கு ஐஸ் வைத்துக் கட்டுப் போட வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் வெளியே போங்கள் என்று நிதானமாகச் சொன்னாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

கிளினிக் வாசற்படியில் நானும் அவனும் உட்கார்ந்தோம். அவனுடைய ரப்பர் சட்டை பாதி உரிந்து இடுப்பில் தொங்கியது. என் காலில் அவன் செருப்பு. தெருவில் போனவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அசடு வழிந்தது, அவனுக்கும்தான். ஓடுகாலி என்று சொன்னதற்கு ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே என்றேன். அலை நன்றாக இருந்தது, ஒரு பத்து நிமிஷம் போய்விட்டு வந்துவிடலாம் என்று நினைத்துவிட்டேன் என்றான். அது ஒரு காரணம் என்று அவன் சொன்னதையும், அதை நான் கேட்டுக்கொண்டதையும் இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. போனை எடுத்து, என் ஒன்றுவிட்ட தம்பியைக் கூப்பிட்டு, அவள் அந்த வேலைக்கு வரமாட்டாள் என்று நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவன் என் கையைப் பிடிக்கவில்லை, போனை மட்டும் மெதுவாகக் கீழே இறக்கினான்.

"அவளைக் கேக்காம பண்ணாதீங்க," என்றான்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் மகளைப் பற்றி எனக்கே சொல்லித் தருகிறான். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரியாகவும் இருந்தது. அது இன்னும் எரிச்சல். அவள் போவாளோ, இருப்பாளோ, இவனைக் கட்டுவாளோ, இரண்டு பேரையும் தலை முழுகுவாளோ, அதை உள்ளே இருப்பவள்தான் சொல்ல வேண்டும். அதை அவளிடமே கேட்பதற்கு நான் இந்த ஊர்வரை வந்திருக்கிறேன் என்பது அந்தப் படியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"அப்ப யாராவது உள்ள போய்க் கேக்கணுமே," என்றேன்.

அவன் கதவைப் பார்த்தான். அலைக்குப் பயப்படாதவன் அந்தக் கதவுக்குப் பயந்தான்.

"நீங்கதான் பெரியவங்க. முதல்ல நீங்க போங்க அத்தை," என்றான்.

காலையிலிருந்து அம்மா அம்மா என்றுதான் கூப்பிட்டான். யார் உனக்கு அத்தை என்று சீறிவிழ வேண்டிய இடம் அது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன், அவனும் எழுந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டான். கதவைத் தட்டினேன்.

உள்ளேயிருந்து யாரு என்று அவள் குரல் கேட்டது. நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான்.

"நாங்கதான்," என்றேன்.